இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது

படத்தில் இதுதான் என்று விரலை வைத்துவிட்டு, ரிட்டயரான ரயில் கார்டு வைரப்பெருமாள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஸ்டூடியோக்கார ஜமால் பாய் சிவப்புப் பென்சிலால் அந்த முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது என்று ஒரு சீட்டில் எழுதிப் படத்தின் முதுகில் ஒட்டினார். காப்பி எடுத்து, கழுவி, காயவைத்து, பெரிசு பண்ணிக் கொண்டுவர ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும் கார்டு சார், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்றார். போகவில்லை என்றார் இவர். போனால் சமையல்காரர் நாளைக்கு இலை எத்தனை என்று கேட்பார், பந்தல்காரர் கழி எங்கே ஊன்றுவது என்று கேட்பார், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வாயிலிருந்து வந்து விழும், அது யார் சொன்ன பதில் என்று இவருக்கே தெரியாது. அம்மா போய் இன்றோடு பதினைந்து நாள். நாளைக்குக் காலையில் கருமாதி முடித்துப் பத்து மணிக்கு ரயில்வே காலனி மன்றத்தில் படத்திறப்பு. திறப்பதற்குப் படம் வேண்டும். எண்பது வருஷம் இருந்த மனுஷிக்கு ஒரு படம் இல்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அப்பா நம்பியிருந்தார். அவர் படமே எடுக்காமல் அறுபத்திரண்டு வயசிலேயே போய்ச் சேர்ந்தார். தங்கச்சி அமிர்தத்தின் கல்யாண ஆல்பத்தில் அம்மா இரண்டு இடத்தில் இருக்கிறாள். ஒன்றில் முதுகு. இன்னொன்றில் சாம்பார் வாளியும் ஒரு கையும். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், முப்பது வருஷத்துக்கு முன்னால் காலனிப் பெண்கள் எல்லாம் சேர்ந்து பிள்ளைக் காப்பகம் திறந்த அன்றைக்கு எடுத்தது, மூன்று வரிசையில் இருபத்திரண்டு பெண்கள். ஒவ்வொரு முகமும் மொச்சைக்கொட்டை அளவு. எதிரே சுவரில் கண்ணாடி, கயிற்றில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா. கண்ணாடிக்குள் மொட்டைத்தலையோடு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வைரப்பெருமாள் மரியாதைக்குக் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். அவரும் நகர்ந்தார்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று முதல் நாள் பார்த்தார், மூன்றாம் நாள் பால் தெளிக்கும்போது பார்த்தார், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாக இல்லாமல் ஒரு ரப்பர் துண்டு மாதிரி தொங்குமே, கிள்ளிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரனைக் கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க. வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கையைக் கொடுத்தார். பாய்லர் ஷாப் குப்புசாமி, எழுபது வயசு, சின்னப்பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு, கரண்டியைக் காட்டி மெயில் வண்டியை நிறுத்துன கையாச்சே கார்டு, அந்த வண்டியிலதான் அன்னிக்கு நான் வந்தேன், என் கண்ணால பார்த்தேன் என்றார். அந்த இடத்தில்தான் கொடுத்த கையை இவர் இழுத்துக்கொண்டார். ஏனென்றால் அம்மா எந்த வண்டியையும் நிறுத்தவில்லை. அது வைரப்பெருமாள் விட்ட கதை. ஒரு மழை நாளில், ஈரோட்டில் ரயில்காரர்கள் இளைப்பாறுகிற ரன்னிங் ரூமில் நாலு கார்டுகளுக்கும் ஒரு டிரைவருக்கும் பொழுது போகவில்லை என்று விட்டது. இடுப்பு வலி கண்ட ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட அம்மா லெவல் கிராசிங்கில் கரண்டியை உயர்த்திப் பிடித்தாள், மெயில் நின்றது, டிரைவர் இறங்கி வந்து ஒரு கரண்டி ரசம் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறினார், ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருந்ததால் வண்டி கொளத்தூர் வரைக்கும் தும்மிக்கொண்டே போனது. இந்தக் கதை இவருக்கு முன்னாலேயே காலனிக்கு வந்து சேர்ந்துவிட்டது. குப்புசாமி பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் பார்த்திருக்கிறார். அப்படியானால் இவர் விட்டது கதையா, அல்லது நடந்ததை எங்கேயோ கேட்டுவிட்டுத் தன் கதை என்று நினைத்துக்கொண்டாரா? வேலைநிறுத்தத்தின்போது பத்தொன்பது வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாளே, அது நிஜம். நிஜமா? பத்தொன்பது என்பது இவர் சொன்னது. அப்பா ஏழு என்பார். அம்மாவைக் கேட்டால், எவ எண்ணுனா, பானை காலியாச்சு அவ்வளவுதான் என்பாள். அந்தப் பானையும் முதலில் பானையாகத்தான் இருந்தது. அப்புறம் அண்டா ஆனது. ஒரு தடவை திருச்சி பிளாட்பாரத்தில் வாய் தவறி இன்ஜினின் தண்ணீர்த் தொட்டியே ஆனது. நாற்பது வருஷமாக அம்மாவைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணி, உள்ளே இருந்த மொச்சைக்கொட்டை அளவு மனுஷி எங்கே போனாள் என்று தெரியவில்லை. நாளைக்கு மன்றத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். கார்டு பேசினால் நேரம் போவதே தெரியாது என்று முன் வரிசையில் இடம் பிடிப்பார்கள். ஒரே ஒரு நிஜம் போதும். ஒரு முகம் போதும்.

முகம். கண்ணை மூடி அவளை வரவழைத்துப் பார்த்தார். முதலில் குதிகால் வந்தது, வெடிப்பு வெடிப்பாக, காலனிச் சந்தில் முன்னால் நடந்து போகிற குதிகால். தூக்குவாளி எந்த வீட்டுக்கோ. அப்புறம் குரல் வந்தது, ஏன்டா வைரம், அங்கே ஜன்னி கண்டு கிடக்குது அந்தப் பிள்ளை, நீ இங்கே வண்டி வண்டியா அளந்துக்கிட்டு இருக்கியே என்ற குரல். அப்புறம் கை. காலனியில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அந்தக் கைதான் முதலில் போய் நெற்றியில் விழும், டாக்டர் அப்புறம்தான். அரிசி களைந்த ஈரம் காயாத கை. அது நெற்றியில் விழுந்தால் கண் தன்னால் மூடிக்கொள்ளும். அதனால்தான் முகத்தைப் பார்க்கவில்லையோ? இவர் பார்த்த வேலையும் அப்படி. முப்பத்தைந்து வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டிய வேலை. டிரைவருக்கு வருகிற ஊர் தெரியும், கார்டுக்குப் போகிற ஊர்தான் தெரியும். எந்த முகமும் கொடியை மடிப்பதற்குள் சின்னதாகி, புள்ளியாகி, தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். கடைசி நாலு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பூனால் கஞ்சி ஊற்றினாரே, அப்போது பார்த்த முகம்? அது முகம் இல்லை, முகம் இருந்த இடம். கன்னம் உள்ளே போய், வாய் உள்ளே போய், யாரோ வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போனது மாதிரி. அதற்கு முன்னால் இருந்தது எது? சிரித்தால் எந்தப் பக்கம் கோணும்? மூக்கு? மச்சம் இருந்ததா? இருந்தது என்று நினைத்தால் உடனே ஒரு மச்சம் முளைக்கிறது, இல்லை என்றால் போய்விடுகிறது. பயமாக இருந்தது. பயம்கூட யாருக்கோ வந்த பயத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. படம் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடும், பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டார். இருட்டறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரைக்கு அடியில் ஒரு விரல்கடை சிவப்பு வெளிச்சம். படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் நாற்றம் மூக்கில் ஏறியது.

அந்தச் சின்ன முகத்தில் எதைப் பார்த்து அம்மா என்று விரலை வைத்தோம்? புடவையைப் பார்த்து. அதில் சந்தேகம் இல்லை. கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் அந்த அரக்குப் பட்டின் அகலக்கரையை வைரப்பெருமாள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அம்மாவின் கல்யாணக் கூரைப்புடவை. அம்மாவை விட அது காலனியில் அதிகம் நடந்திருக்கிறது. வளைகாப்பா, அந்தப் புடவை. பெண் பார்க்க வருகிறார்களா, அந்தப் புடவை. சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போகிறாளா, காலையிலேயே வாசலில் வந்து நின்று, அக்கா ஒரு விஷயம் என்று இழுப்பாள். மிச்சத்தை அம்மா சொல்ல விடமாட்டாள். எடுத்துட்டுப் போடி, எனக்குப் பட்டு ஒத்துக்காது, கட்டினா உடம்பெல்லாம் தடிச்சுப் போகுது என்பாள். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். காலனி முழுக்க நம்பிவிட்டது. அரிப்புக்குக் குப்பைமேனி அரைத்துப் பூசுங்கள் என்று ஒருத்தி இலை பறித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அம்மா அவள் எதிரிலேயே பூசிக்கொண்டாள். பொய் சொல்வதில் அவள்தான் இவருக்கு அம்மா. புடவை திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வாசனையோடு வரும். ஒருத்தியின் பவுடர், ஒருத்தி வீட்டுச் சாம்பிராணி, ஒருத்தியின் வேர்வை, ஒரு தடவை மீன் குழம்பு. அம்மாவின் வாசனை மட்டும் அதில் கிடையாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுக்குக் கட்டிவிட அந்தப் புடவையைத் தேடினார்கள். பெட்டியில் இல்லை, பரணில் இல்லை, அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டு தேடினாள். எந்த வீட்டுக்குப் போயிருக்கிறதோ. படுத்த படுக்கையிலும் எவளுக்கோ எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கடைசியில் நூல் புடவையில்தான் போனாள். வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு நாள் அவள் புடவையைக் கட்டியவர்கள், அவள் மட்டும்... இங்கே நினைப்பு தண்டவாளத்தை விட்டு இறங்கி நின்றது. அவள் மட்டும் கட்டவில்லை. இவருக்கு விவரம் தெரிந்து அம்மா அதைக் கட்டியே பார்த்ததில்லை. அப்படியானால் படத்தில்? இல்லை, அன்றைக்குக் கட்டினாள். பெரிய ஆபீசர் வீட்டு அம்மா வந்து திறந்து வைக்கிறார்கள், அன்றைக்காவது கட்டிக்கொள் என்று நச்சரித்து இவர்தான் கட்டவைத்தார். கட்டி முடித்துக் கொசுவத்தைச் சரிபண்ணும்போது வாசலில் லோகாம்பா. எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த, இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் துரைக்கண்ணுவின் பெண்சாதி, ஒல்லியாக, எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பாள். நான் வரலைக்கா, நீங்க போய்ட்டு வாங்க என்றாள். அவள் புடவையில் முந்தானை ஓரம் கரிந்து இரண்டு ஓட்டை. அம்மா அதைப் பார்த்தாள். உள்ளே போனாள். சுங்கடிப் புடவையோடு வெளியே வந்தாள். பட்டு கையில் இருந்தது, உடம்புச் சூடு போகாமல். இவர் வாசற்படியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். புடவை போயிடுச்சு, ஆளாவது போறியா என்றார். ஆள் எதுக்குடா, புடவை போனாப் போதும் என்றாள்.

வைரப்பெருமாள் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக இருப்பது லோகாம்பா. நாளைக்குக் காலையில் இருநூறு பேர் எதிரில் திரையை விலக்கப் போகிறார்கள், மாலை போட்டுச் சூடம் காட்டப் போகிறார்கள், துரைக்கண்ணு பெண்சாதிக்கு. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? முப்பது வருஷம் ஆச்சு, லோகாம்பா போயே பத்து வருஷம் ஆகிறது, துரைக்கண்ணு ரிட்டயராகி மகனோடு விஜயவாடாவில் இருக்கிறார், யாருக்கு அடையாளம் தெரியும்? படம் கூடத்தில் தொங்கும். பேரப்பிள்ளைகள் அந்த மூக்கைப் பார்த்துப் பாட்டி மூக்கு என்பார்கள். கொஞ்ச நாளில் இவரே நம்பிவிடுவார். நம்பிவிடுவோம் என்று தெரிந்ததுதான் தாங்கவில்லை. இவ்வளவு நாள் விட்ட கதையிலெல்லாம் கை மட்டும்தான் பெரிசானது, கரண்டி மட்டும்தான் பெரிசானது. முகத்தை மாற்றியதில்லை. இதை மாட்டிவிட்டால் அந்தக் காலி இடத்தில் லோகாம்பா வந்து குடியேறிவிடுவாள், அப்புறம் எந்தக் காலத்திலும் அம்மா திரும்பி வரமுடியாது. எழுந்து போய் நிறுத்தச் சொல்ல வேண்டும். அதற்குள் இருட்டறைத் திரை விலகியது.

ஜமால் பாய் ஈரம் சொட்டும் படத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வந்தார். "பாருங்க கார்டு சார். அப்படியே உங்க ஜாடை. மூக்கைப் பாருங்க, நெத்தியைப் பாருங்க. அச்சு!"

ஒரு பக்கம் சாய்ந்த கழுத்து, பெரிய கண், அரக்குப் பட்டு. யாரோ ஒரு நல்ல பெண்.

அந்த நேரத்துக்கு அமிர்தம் வந்து சேர்ந்தாள். பூக்கடையில் மாலைக்குச் சொல்லிவிட்டு, அண்ணன் இன்னும் வரவில்லையே என்று நேராக இங்கே வந்திருக்கிறாள். ஐம்பது வயசு, மூச்சு வாங்கியது. படத்தைப் பார்த்தாள். "ஐயோ எங்கம்மா. அந்தப் புடவைண்ணே, அந்தப் புடவை!" என்று பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பாய் படத்தைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, தண்ணி பட்டா கறை விழுந்துடும்மா என்றார்.

"அமிர்தம். அது அம்மா இல்லை."

"என்னது?"

"லோகாம்பா. எதிர் வீட்டு லோகாம்பா. அன்னிக்குக் காலையில அம்மா புடவையை அவளுக்குக் கொடுத்துட்டா."

அமிர்தம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். நாற்பது வருஷக் கதைகளையும் அடுக்கி வைத்துப் பார்க்கிற பார்வை. "வேண்டாம்ண்ணே. ஊரெல்லாம் விடு, கேட்டுக்கறேன். பெத்த தாய் படத்துலயுமா?"

"சத்தியமாப் புள்ள."

"மெயில் வண்டிக்கும் இப்படித்தான் சத்தியம் பண்ணினே. சிறுத்தை வந்து அம்மா கையில சோறு வாங்கித் தின்னதுக்கு என் தலையில அடிச்சே சத்தியம் பண்ணினே."

பாய் சிரிக்கக்கூடாது என்று இருமினார். "கார்டு சார் கதைன்னா கல்லும் உக்காந்து கேக்கும்மா."

வைரப்பெருமாளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜை மேல் கிடந்த பழைய படத்தைத் தன் பக்கம் இழுத்தார், பாயின் பூதக்கண்ணாடியை எடுத்தார். சுங்கடிப் புடவை. ஆள் எதுக்கு என்று சொன்னாலும் வந்திருப்பாள். இருபத்திரண்டு பேரில் சுங்கடி யார்? முன் வரிசையில் நாற்காலியில் ஆபீசர் வீட்டு அம்மா, இரண்டு பக்கமும் பட்டு. நடு வரிசை முழுக்க ஊசி போடக் காத்திருக்கிற மாதிரி விறைத்த முகங்கள். கண்ணாடியை மேலே தள்ளினார். கடைசி வரிசை, கடைசி ஆள், தூணுக்குப் பக்கத்தில் பாதி உடம்பு. புள்ளிப் புள்ளியாகப் புடவை. இடுப்பில் எவள் பிள்ளையோ ஒன்று. தோளை ஏற்றிப் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு நிற்கிற நிலை, அது அவள், வேறு யாரும் அப்படி நிற்கமாட்டார்கள். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்த மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல்.

அமிர்தம் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், "அம்மாதான்" என்றாள் மெதுவாக. "நிக்கிறது அம்மாதான். முகமே இல்லையேண்ணே."

"ஆடிட்டாங்க," என்றார் பாய் எட்டிப் பார்த்துவிட்டு. "அந்தக் காலத்து கேமரா. மூடியைத் திறந்து மூடுற வரைக்கும் சிலை மாதிரி நிக்கணும். மத்தவங்க நின்னிருக்காங்க, இவங்க தலை ஆடியிருக்கு. இதைப் பெரிசு பண்ணினா புகைதான் வரும்."

ஏன் ஆடினாள்? பிள்ளை அழுததா? பிள்ளை முகம் தெளிவாக இருக்கிறது, விரலைச் சப்பிக்கொண்டு. யாராவது கூப்பிட்டார்களா? வைரப்பெருமாள் மறுபடி அந்தத் தீற்றலில் கண்ணை வைத்தார், தீற்றலுக்கு இந்தப் பக்கம், படத்துக்கு வெளியே, கேமராவுக்குப் பின்னால் நல்ல வெயில், காலடியில் வேப்பம்பழம். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு போட்டோக்காரர் யாரும் அசையக்கூடாது, மூச்சு விடக்கூடாது என்று கத்துகிறார், பெண்கள் பயந்து போய் நிற்கிறார்கள், பக்கத்தில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், முப்பத்தொரு வயசு, வாய் சும்மா இருக்காது அவனுக்கு. அவன் ஏதோ சொன்னான். சொன்னானா? இப்போது முளைக்கிறதா, அன்றைக்கு நடந்ததா? மச்சம் முளைத்த மாதிரி இதுவுமா? மனசுக்குள் இரண்டையும் தட்டிப் பார்த்தார். நிஜத்துக்கும் கதைக்கும் ஒரே சத்தம்தான் வந்தது.

"பாய்," என்றாள் அமிர்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "புகையா வந்தா வரட்டும். இதையே பண்ணுங்க."

"அம்மா, நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்கிற படம்..."

"பார்க்கட்டும். அடுத்த வீட்டு அம்மாவை மாட்டி வச்சு நான் கும்பிட முடியுமா? லோகாம்பாக்கா படத்தை அவங்க மகனுக்கு அனுப்பி வச்சிடலாம்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "எதுக்குண்ணே அம்மா தலை ஆடுச்சு?"

"நான் பேசினேன்னு நினைக்கிறேன்."

"என்ன பேசினே?"

"அசையாதீங்க, போன மாசம் ஈரோட்டுல ஒரு அம்மா அசைஞ்சு படத்துல ரெண்டு தலை வந்துடுச்சு, ரெண்டு தலைக்கும் சேர்த்து ரேஷன்ல சர்க்கரை கேட்டு அவங்க வீட்டுக்காரர் மனுப் போட்டுட்டாருன்னேன்."

"நிஜமாச் சொன்னியா, இல்ல இப்பக் கட்டுறியா?"

"தெரியலை," என்றார் வைரப்பெருமாள். அறுபத்தொரு வயசில் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அமிர்தம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தலைக்கும் சர்க்கரையா?" என்றாள். உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், மாலைக்குச் சொல்லிவிட்டு வந்த மனுஷி, பதினைந்து நாளாக அழுத முகம், அடங்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தியும் வழிந்தது. தோள் ஏறி, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட ஆரம்பித்தது, போதும்டா, போதும்டா பாவி என்கிற மாதிரி. இடது கன்னத்தில் மட்டும் ஒரு மடிப்பு விழுந்தது. சிரித்தால் கோணுகிற பக்கம் இதுதான். கண் இரண்டும் காணாமல் போய் இரண்டு கோடானது. மூக்கு நுனி சிவந்து விரிந்தது.

"அப்ப எதைப் பெரிசு பண்ணட்டும் கார்டு சார்? முடிவாச் சொல்லுங்க," என்றார் பாய்.

"கொஞ்சம் இருங்க பாய்," என்றார் வைரப்பெருமாள், தங்கையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.